அருவங்காட்டுக்கு ஒரு பிரயாணம்

வசந்தம் என்ற பருவத்தைக் கூடங்குளத்துக்காரர்களாகிய நாங்கள் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறோம். பழைய கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். எங்கள் ஊரில் அந்த மாதங்களில் வேம்பு பூக்கும், பனையில் பதநீர் இறங்கும், மற்றபடி வெயில்தான். பிறகு மேல்காற்று கிளம்பிக் காற்றாலைகளைச் சுழற்றுகிற வரையில் மனிதர்கள் நிழல் தேடி நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஆகையால் கையில் நாலு காசு உள்ளவர்கள் வசந்தத்தைத் தேடி மலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பேச்சை எடுத்தவள் அக்கா. அவளுக்கு வயது 74. கோயம்புத்தூரைக்கூடப் பார்த்ததில்லை. ஒரு நாள் மாலை, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, ஏதோ அடுத்த தெருவுக்குப் போவதுபோல, “தம்பி, பங்குனிலே என்னை ஒருக்கா மலைக்குக் கூட்டிட்டுப் போறியா?” என்றாள்.

“ஊட்டிக்கா அக்கா?”

“ஊட்டி எனக்கு எதுக்கு? அருவங்காட்டுக்கு.”

மலை ரயிலில் போனவர்களுக்கு அருவங்காடு ஒரு நிமிஷத்து நிலையம். குன்னூரைத் தாண்டினால் வெல்லிங்டன், அடுத்தது அருவங்காடு, பிறகு கேத்தி, லவ்டேல், உதகமண்டலம். குன்னூரின் புறநகர் என்று சொல்லிவிடலாம். வெள்ளைக்காரன் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே கார்டைட் தொழிற்சாலை ஏற்பட்டது. கார்டைட் என்பது துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் உந்தித் தள்ளும் புகையில்லா மருந்து. கயிறு கயிறாகப் பிழிந்து எடுப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். “அங்கே என்ன வேலை?” என்று கேட்டவர்களிடம் அத்தான், “கயிறு திரிக்கிற வேலை” என்பார். ஊரில் பாதிப் பேர் அதை வேடிக்கை என்றும், மீதிப் பேர் உண்மை என்றும் எடுத்துக்கொண்டார்கள்.

அத்தான் 1969-இல் அங்கே வேலைக்குப் போனார். 1998-இல் ஓய்வு பெற்றுத் திரும்பினார். இந்த 29 வருஷத்தில் அக்கா ஒரு தடவையாவது அங்கே போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. முதலில் மாமியார் படுக்கையில் கிடந்தாள். பிறகு பனைவிளையைப் பார்க்க ஆள் இல்லை. பிறகு பிள்ளைகளின் படிப்பு. 1984-இல் ஒரு தடவை டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கியது வரைக்கும் வந்து நின்றுபோயிற்று. அத்தான்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். மற்ற நாட்களுக்குக் கடிதம். கணவனும் மனைவியும் சேர்ந்து இருந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆன தம்பதிகளின் கணக்குக்குக்கூட வராது. எங்கள் சீமையில் இதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பம்பாய்க்கும் கொழும்புக்கும் போனவர்களின் வீட்டில் இதைவிடக் குறைவு.

அந்தக் கடிதங்களில் ஒவ்வொரு பங்குனியிலும் தவறாமல் ஒரு வரி இருக்கும். நீலப் பூ பூத்துவிட்டது, பாதையெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது என்று. அது ஜகரண்டா மரம். தென் அமெரிக்காவில் பிறந்து நம் மலைகளுக்கு வந்து சேர்ந்தது. இலையை உதிர்த்துவிட்டு மரம் முழுவதும் ஊதாவும் நீலமும் கலந்த நிறத்தில் பூத்து நிற்கும். அத்தானுக்குப் பெயர் தெரியாது; நீலப் பூ என்றே எழுதினார். அக்காவுக்கு அந்தப் பூ பூத்திருக்கும்போது போக வேண்டும். அவ்வளவுதான்.

என் மருமகனுக்கு இது பிடிபடவில்லை. அவன் இங்கே அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவன். 1988-இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் ஆகி, 2014 கடைசியில் வணிக உற்பத்திக்கு வந்த நிலையம் அது. வாயில் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் வருகிறவனுக்கு, இன்னொரு தொழிற்சாலை வாசலைப் பார்க்க 500 கிலோமீட்டர் போவானேன் என்று பட்டிருக்கிறது. “மாமா, அம்மைக்கு ஒண்ணும் தெரியாது. மே மாசம் கார் எடுத்துட்டுப் போவோம். மலர்க் காட்சி, படகு எல்லாம் பார்த்துரலாம். வழியிலே அருவங்காட்டையும் காட்டிரலாம்” என்றான்.

வழியில் காட்டுவது என்றால் கார்க் கண்ணாடி வழியாகக் கையை நீட்டிக் காட்டுவது. எனக்கு அதில் சம்மதமில்லை. தவிர, மே மாதத்து மலையில் பூவைவிட வண்டிகள் அதிகம். 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கித்தான் போக வேண்டும் என்று ஐகோர்ட்டு உத்தரவு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8000 என்று வரம்பே கட்டினார்கள். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நான் ரயில் பக்கம் பேசினேன்.

அக்காவுக்கு மூச்சிரைப்பு உண்டு. மலைக்குப் போவதானால் மெதுவாக ஏறச் சொன்னார் டாக்டர். மெதுவாக ஏறுவதில் நீலகிரி ரயிலை மிஞ்ச உலகத்தில் அநேகம் வண்டிகள் கிடையா. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் போட்ட பாதை. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணிக்குமேல் புறப்படும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்வரிசையை இயந்திரத்தின் பல்சக்கரம் கவ்விக்கொள்ள, எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். 12 அடி போனால் 1 அடி ஏற்றம். குன்னூருக்கு 27 கிலோமீட்டர் சொச்சம், 3 மணி நேரத்துக்கு மேல். ஆயிரம் அடியிலிருந்து 5600 அடி உயரத்துக்கு இவ்வளவு நிதானமாகப் போனால் நுரையீரலுக்குச் சமாதானம் செய்துகொள்ள அவகாசம் கிடைக்கும்.

நெல்லைக்காரனுக்கு ஒரு சங்கடம். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ், மலை ரயிலைப் பிடிக்கத் தோதாக மேட்டுப்பாளையம் சேரும். நாம் நாகர்கோவிலில் ஏறிக் கோயம்புத்தூரில் இறங்கி, முதல் நாளே மேட்டுப்பாளையத்தில் ஒரு இரவு தங்கியாக வேண்டும். மலை ரயிலுக்கு டிக்கெட் 60 நாட்களுக்கு முன் திறக்கும். திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் குன்னூர் வரையில் பஸ். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே நாளுக்குப் பல நடை ரயில் உண்டு. முன்பதிவு இல்லாமலே ஏறி இரண்டாவது நிலையத்தில் இறங்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில்தான் மண் சரிந்து பாதை அடைபடும். பங்குனியில் அந்தப் பயம் குறைவு. ஆக, அக்கா சொன்ன மாதந்தான் சரி.

இதெல்லாம் எழுதி முடித்த பிறகு எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. தொழிற்சாலைக்குள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. அதைப் பற்றி அக்காவுக்கு அக்கறையும் இல்லை. அத்தான் குடியிருந்தது வெளியே, ஒரு படகர் வீட்டின் பின்கட்டு அறையில். அந்த வீட்டுக்காரம்மாள் ஒவ்வொரு தடவையும் அவர் கையில் காரட்டும் தேயிலைத் தூளும் கொடுத்துவிடுவாள். அக்கா பதிலுக்குக் கருப்பட்டி கொடுத்துவிடுவாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பேசியதும் இல்லை. 1998-க்குப் பிறகு போக்குவரத்தும் நின்றுபோயிற்று. அத்தான் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தச் செய்தியும் மலைக்குப் போயிராது. வீட்டை இடித்து மாடி கட்டியிருந்தால்? அந்த மரத்தையே வெட்டியிருந்தால்? இத்தனை வருஷம் கடிதத்திலே பத்திரமாக இருந்த ஊரை நேரில் போய்த் தொலைத்துவிட்டு வருவாளோ என்று தோன்றிற்று.

சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். அக்கா முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வீடு இல்லாட்டா என்ன தம்பி? அவிய நடந்த ரோடு இருக்குமில்லா? அதுலே கொஞ்சம் நடந்துட்டு வாரேன்.”

“அந்த அம்மா இல்லையென்றால்?”

“அவ மக்கமாரு இருப்பாங்க. இவிய போயிட்டாங்கன்னு நாமதானே போய்ச் சொல்லணும்? இருபத்தொம்பது வருசம் அவ கையாலே காப்பி குடிச்சிருக்காக.”

நான் வாயை மூடிக்கொண்டேன். மருமகன்கூட அன்று ராத்திரி மே மாதத்தைப் பற்றிப் பேசவில்லை. கோயம்புத்தூர் வண்டிக்கு மூன்று டிக்கெட் போடட்டுமா என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து ஆள் வந்தது. உடன்குடிக் கருப்பட்டி புதுசு வந்திருக்கிறதாம். அஞ்சு கிலோ போதுமா, மலை ரயிலில் அதற்குமேல் சாமான் ஏற்ற விடுவார்களா என்று கேட்டு அனுப்பியிருந்தாள்.