முடிவிலிருந்து எண்ணப் பழகுங்கள்

பகலில் வீணையை வைத்துக்கொண்டு வர்ணமும் தில்லானாவும் கட்டுகிறேன். இரவில் டிஜே மேடையில் நின்று ஆடுகிறவர்களுக்கு வாசிக்கிறேன். இரண்டையும் கற்க வேண்டும் என்று வரும் இளைஞர்கள் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் வாங்கலாம் என்பதுதான். நான் ஆதி தாளம் போடச் சொல்வேன். ததிங்கிணதோம் மூன்று முறை சொல்லிச் சமத்தில் வந்து நில்லுங்கள் என்பேன். இது கையில் ஏறாத வரை மிக்சரைத் தொட்டுப் பயனில்லை.

கணக்கு எளியது. ஆதியில் எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நாலு மாத்திரை வீதம் 32. ததிங்கிணதோம் ஐந்து, மூன்று முறைக்கு 15. மீதி 17. ஆகவே நாலு அட்சரம் முழுதாகக் கழிந்து, ஐந்தாவதில் ஒரு மாத்திரை தள்ளி எடுத்தால் சமத்தில் விழும். நடுவே இரண்டு இடத்தில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை விட்டால் மொத்தம் 19. எடுப்பு 13-க்குப் பிறகு. என் வாத்தியார் இதைக் காகிதத்தில் எழுத விட்டதே இல்லை. "எங்க முடியணும்னு தெரிஞ்சுக்கிட்டு எடு. எடுத்துட்டு முடிவைத் தேடாதே" என்பார். தொடையில் தட்டிக் காட்டுவார்; மறுபடி தட்டச் சொல்வார். என் இரண்டு வேலையும் அந்த ஒரு சொல்லின்மேல்தான் நிற்கிறது.

ஹவுஸ் இசை நாலு நாலு அடியாக நடக்கும். எட்டு பார், அதாவது 32 அடி, பெரும்பாலும் ஒரு வாக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் பேஸ் எங்கே விலகப்போகிறது என்று தெரிந்து, அங்கிருந்து 32 அடி பின்னால் எண்ணி அடுத்த பாட்டை விட வேண்டும். உள்ளே வரும் பாட்டின் லோ குமிழை முழுக்க மூடி வையுங்கள். இரண்டு கிக்கும் இரண்டு பேஸும் ஒன்றாக ஒலித்தால் அடித்தளம் மொத்தையாகிவிடும். வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த அடியில் ஒன்றை மூடி மற்றதைத் திறங்கள். ஒரு கையின் மூடலும் மறு கையின் திறப்பும் ஒரே அடியில் நடக்க வேண்டும். கோர்வை முடிந்து பல்லவி எடுக்கிற இடம் அதுதான்.

மிஸ்ர சாப்பு ஏழு. ஆடுகிற கால் நாலு. இரண்டும் சேருமா என்று கேட்பார்கள். ஏழு அடிச் சொற்கட்டை நாலு சுற்று ஓட்டுங்கள்: 28. மீதி நாலு அடிக்குக் கார்வை விடுங்கள்: 32. கிக் மாறாமல் போய்க்கொண்டே இருக்கும். மேலே மிருதங்கச் சொல் விலகி விலகிப் போய் அடுத்த வாக்கியத்தின் முதல் அடியில் வந்து உட்காரும். ஆடுகிறவருக்குத் தாளத்தின் பெயர் தெரிய வேண்டாம். அந்த அடி வரும்போது உடம்புக்குத் தெரிந்துவிடும். அந்த நாலு அடியில் எதையாவது போட்டு நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள். கார்வை காலி இடம் அல்ல, கணக்கில் சேர்ந்தது.

லயத்துக்கு அடுத்தது சுருதி. டர்ன்டேபிளில் வேகத்தை ஏற்றினால் சுருதியும் கூடவே ஏறும். ஆறு சதவீத வேகம் ஏறக்குறைய அரைக்கட்டை. 120 வேகத்தில் ஒரு கட்டைச் சுருதியில் பதிந்ததை 127-க்கு ஏற்றினால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடும். அதன்மேல் ஒரு கட்டைத் தம்புராவை வைத்தால் காது கூசும். கீ லாக் போட்டால் சுருதி நிற்கும். ஆனால் வேகம் அதிகம் மாறினால் வீணையின் மீட்டு மழுங்கும். விரல் தந்தியை விட்டு விலகும் அந்தக் கூர்மை போனால் வீணை வீணையாகக் கேட்காது. அதனால் மேடைக்கென்று நான் கட்டுவதை எந்த வேகத்தில் போடப் போகிறேனோ அந்த வேகத்திலேயே வாசித்துப் பதிவேன்.

கமகத்தில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கீபோர்டில் தோடியின் காந்தாரத்தை அழுத்திவிட்டு, ஏன் தோடி வரவில்லை என்று கேட்பார்கள். வீணையில் 24 மெட்டும் மெழுகில் பதிந்து அசையாமல்தான் இருக்கின்றன. மெட்டு அசையாது, தந்தி அசையும். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடும் சுரம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துத்தான் அதை வரவழைக்கிறோம். சிந்தசைசரில் அந்த வேலையை பிட்ச் பெண்ட் சக்கரம் செய்யும். ஆனால் பல கருவிகளில் அது இரண்டு அரைச்சுரம் மட்டுமே நகரும்படி அமைந்திருக்கும். சுத்த ரிஷபத்திலிருந்து சுத்த மத்தியமத்துக்கு நாலு அரைச்சுரம், எட்டாது. எல்லையைப் பன்னிரண்டுக்கு விரித்துக்கொள்ளுங்கள். தம்புராவை வேறு சேனலில் வையுங்கள். இல்லையென்றால் காந்தாரத்தோடு ஆதார ஷட்ஜமும் சேர்ந்து ஆடும். பிறகு சக்கரத்தைச் சுழற்றும் விரலுக்கும் சாதகம் வேண்டும். தந்தி இழுத்துப் பழகாத விரல் அதைச் சைரன்போல் ஊதவைக்கும்.

இந்த வழியில் முன்னே நடந்தவர்கள் உண்டு. மும்பையில் சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்ட் 808 தாளப் பெட்டியையும் 303 பேஸ் பெட்டியையும் வைத்துப் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ நடையில் பதிந்தார். 303-இல் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் ஸ்லைடு உண்டு. அது ஜாரு தரும், கம்பிதம் தராது. கருவி எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொள்வதே பாதிப் பாடம். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் செய்தார். அவையே நோட்டு ஸ்வரங்கள். கமலாம்பா நவாவரணமும் அவர் செய்ததுதான். நோட்டு ஸ்வரம் கமகமில்லாமல் நேராக நடக்கும். நவாவரணத்துக்குக் கமகமே உயிர். ஒன்றின் நடையை அவர் மற்றதில் திணிக்கவில்லை.

நானும் அப்படித்தான். வர்ணம் கட்டும்போது கிக் டிரம்மை நினைப்பதில்லை. முக்தாயி சுரமும் எத்துக்கடை சுரங்களும் அந்த ராகம் கேட்கிறபடி அமைய வேண்டும். இரண்டு காலத்திலும் விரல் இடறாமல் ஓட வேண்டும். அதுபோல, கிருதிகளின் சாகித்யத்தை நடனக் கூடத்துக்கு எடுத்துப் போவதில்லை. அங்கே எடுத்துப் போவது ஜதி, சுரம், எல்லாவற்றையும்விடத் தானம். தானத்துக்குத் தாளக்கட்டு கிடையாது, துடிப்பு உண்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மீட்ட, சுண்டுவிரல் பக்கத் தந்திகளில் அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டே போகும். நாட்டைத் தானத்தின்கீழ் மெல்லக் கிக்கைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். இரண்டும் இயல்பாகக் கைகோத்துக்கொள்ளும்.

காதைக் காப்பாற்றுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் 15 நிமிடம்தான் தாங்கும் என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு. இசைக்கலைஞர்களுக்கென்று செய்த காதடைப்பான் இல்லாமல் மேடை ஏறாதீர்கள். இரவு வாசித்துவிட்டு வந்த காதோடு மறுநாள் காலை சுருதி சேர்க்கவும் வேண்டாம். காது ஓய்ந்த பிறகு சேருங்கள்.

கற்க வருகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். ஒரு வர்ணத்தை இரண்டு காலத்திலும் சுத்தமாக வாசியுங்கள். சிங்க் பொத்தானைத் தொடாமல், காதால் மட்டும் இரண்டு பாட்டின் வேகத்தைச் சேர்த்துப் பழகுங்கள். இந்த இரண்டும் கைக்கு வந்த பிறகு மென்பொருள் பற்றிக் கேளுங்கள். அன்றைக்கு எதை வாங்கினாலும் சரிதான்.