காற்றுக்கு இடம் தரும் கிதார்

மின்கிதாரில் பிக்கப் எனப்படுவது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் சேர்ந்த ஒரு பகுதி; அதன் மேலே உலோகத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறிமாறிச் சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது, அதுவே ஆம்ப்ளிஃபயரில் வலுப்பெற்று ஒலிபெருக்கி வழியாக வெளிவருகிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஒலியைப் பெருக்கும் மரப்பெட்டி தேவையில்லை என்பதை, 1950களின் தொடக்கத்தில் ஃபெண்டரும் கிப்சனும் விற்பனைக்குக் கொண்டுவந்த, கெட்டி மரத்தில் வெட்டிய கிதார்கள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவின. ஆயினும் உட்புறம் வெற்றிடமாக விடப்பட்ட ஹாலோ பாடி கிதார், செய்வதற்கு எளிதானவையும் மேடையில் அடங்கி ஒலிப்பவையுமான அந்தக் கெட்டிமரக் கிதார்களுக்கு அருகிலேயே இன்றுவரை நிலைத்திருக்கிறது. வளைந்த பலகையின் அழகையும் பழமையின் மதிப்பையும் இதற்குக் காரணமாகக் காட்டுவோர் உண்டு. அவை மெய்யே என்றாலும், இக்கருவியோடு நெடுங்காலம் பழகியவர்கள் கண்டுகொள்வது வேறொன்று. இதன் குறைகளாகச் சொல்லப்படுபவையும் இதன் மேன்மைகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒன்றைக் களைந்தால் மற்றதும் உடன் போய்விடுகிறது.

அந்த வேர், மின்சாரம் வருவதற்கு முன்பே ஊன்றப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனம், லாயிட் லோர் என்னும் இசைக்கலைஞரின் மேற்பார்வையில் 1922இல் எல்-5 என்ற கிதாரை வெளியிட்டது. வயலினைப் போல மேற்பலகையை வில்லாக வளைத்துச் செதுக்கி, நடுவில் வட்டத் துளைக்குப் பதிலாக இருபுறமும் எஃப் வடிவத் துளைகள் இட்ட அந்த வகைக்கு ஆர்ச்டாப் என்று பெயர். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் பெரிய நடன இசைக்குழுவின் நடுவே தாளக்கட்டைக் காக்கும் கிதார் காதில் விழ வேண்டும் என்பதே அப்போதைய தேவை; சட்டென்று எழுந்து உடனே அடங்கும் கூர்மையான ஒலி அதற்குப் பொருந்தியது. 1936இல் அதே நிறுவனம் அந்த வகைப் பெட்டிக்குள்ளேயே ஒரு பிக்கப்பைப் பொருத்தி ஈஎஸ்-150 என வெளியிட்டது. மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிதாரிலிருந்து பிரித்துக் காட்டும் பொருட்டு, நெஞ்சோடு அணைத்து வாசிக்கும் இதனை ‘எலெக்ட்ரிக் ஸ்பானிஷ்’ என்றார்கள், ஈஎஸ் என்பது அதன் சுருக்கம். 1939இல் பென்னி குட்மேனின் ஜாஸ் இசைக்குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், சாக்ஸபோன் வாசிப்பவர் மூச்சிழுத்து விடும் நீளத்துக்குத் தனிச்சுர வரிசைகளை இதில் வாசித்து, பின்னணியில் இருந்த கருவியை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். 1942இல் இளமையிலேயே அவர் மறைந்தபோது, ஜாஸ் கிதாரின் இலக்கணம் பெருமளவு எழுதப்பட்டுவிட்டிருந்தது.

ஆனால் மின்சாரத்துக்கென்றே எண்ணிச் செய்த பெட்டி என்று 1949இல் வந்த ஈஎஸ்-175ஐத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய உயர்ரக ஆர்ச்டாப்களில் மேற்பலகை, ஸ்ப்ரூஸ் மரத்தின் இரு துண்டுகளை நடுவே ஒட்டி, உள்ளும் புறமும் உளியாலும் இழைப்புளியாலும் செதுக்கப்படும். நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் அமையும் அப்பலகை தந்தியின் சிறு அசைவுக்கும் அதிர்ந்து கொடுக்கும். ஈஎஸ்-175இலோ மெல்லிய மரத் தகடுகளைப் பசையிட்டு அடுக்கி, வளைந்த அச்சில் அழுத்தி எடுத்த ஒட்டுப்பலகை பயன்பட்டது. பதினாறு அங்குல அகல உடலும், கழுத்தின் குறுக்கே பதித்த பட்டைகளான ஃபிரெட்களில் மேலுள்ளவற்றை விரல் எட்டும்படி கூராக வெட்டிய தோள்பகுதியும், கழுத்தின் முனையருகே ஒற்றைச் சுருள் கொண்ட பி-90 பிக்கப்பும் அதன் முதல் வடிவம். 1957 முதல், சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப், இரு சுருள்களும் எதிரெதிராக அமைந்து மின்னிரைச்சலை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டுடன் அதில் இடம்பெற்றது. ஒட்டுப்பலகை என்றதும் விலை குறைந்த மாற்றுப்பொருள் என்று தாழ்வாக எண்ணும் பழக்கம் வாங்குவோரிடம் இன்றும் இருக்கிறது. அந்த எண்ணம் தவறானது. விலை குறைந்தது உண்மையே என்றாலும், சற்றே விறைப்பான அப்பலகை மேடையில் எளிதில் கட்டுமீறாமல், தந்தியின் அதிர்வில் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொள்கிறது. செதுக்கிய பலகையில் பிக்கப்பைப் பதித்தபோது எழுந்த, ஒலி கட்டுமீறி ஊளையிடும் இடர்ப்பாட்டுக்கு அதுவே நேர்மையான விடையாக இருந்தது.

அதிர்வைப் பலகை வாங்கிக்கொள்வது என்ற இந்தச் செய்தியை நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் வாசிப்பவரின் கையும் காதும் மாறுவது இங்கேதான். மீட்டிய தந்தியிடம் இருக்கும் ஆற்றல் ஓர் அளவுக்கு உட்பட்டது. கெட்டிமரக் கிதாரில் அந்த ஆற்றல் செல்ல வழியின்றித் தந்தியிலேயே தங்குவதால் சுரம் நெடுநேரம் நீளுகிறது. ஹாலோ பாடி கிதாரிலோ தந்தியின் கீழுள்ள பிரிட்ஜ் அந்த ஆற்றலை இளகிய மேற்பலகைக்கு இறக்கிவிடுகிறது. பலகை காற்றை அசைக்கிறது, சுரம் வேகமாகத் தேய்கிறது. மீட்டிய முதற்கணத்தில் மரத்தின் தட்டொலி கலந்த ஒரு திரட்சி, அதைத் தொடர்ந்து விரைவான ஒடுக்கம்: இக்கருவியின் குரல் என்று எல்லாரும் அடையாளம் காண்பது இதைத்தான். நீளாத சுரத்தைக் கொண்டு பாட்டைக் கட்ட வேண்டியவர், அடுத்த சுரத்தை எப்போது எழுப்புவது, எங்கே விட்டு நிற்பது என்று ஒவ்வொரு அடியிலும் முடிவெடுக்க நேர்கிறது. நான்கைந்து சுரங்களை ஒருங்கே மீட்டும் கார்டுகளிலும் இதன் பயன் தெரிகிறது. முந்தைய கார்டின் எச்சம் விரைந்து விலகுவதால் அடுத்தது தெளிவாக வந்தமர்கிறது. ஜோ பாஸ் ஈஎஸ்-175இல் மெட்டு, கார்டு, அடிச்சுரம் மூன்றையும் ஒரே ஆளாக நடத்திச் சென்றதற்கு இத்தெளிவு பெருந்துணை. வெஸ் மான்ட்கோமரி எல்-5இன் மின் வடிவில் பிக் எனும் மீட்டுவில்லையைத் தவிர்த்துக் கட்டைவிரலின் சதையாலேயே மீட்டி, ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்தொலிக்கும் ஆக்டேவ் வரிசைகளை வாசித்தார். அந்தச் சதையின் மென்மையும் பலகையின் திரட்சியும் ஒன்றுகூடிய ஒலியை வேறு கருவியில் கேட்பது அரிது. பியானோ மேதை பில் எவன்ஸுடன் ஜிம் ஹால் 1962இல் பதிந்த ‘அண்டர்கரன்ட்’ இசைத்தட்டில், தாளம் பிடிக்கும் இடங்களில் ஆம்ப்ளிஃபயரின் குரலோடு தந்தியும் மரமும் காற்றில் எழுப்பும் சொந்த ஒலியும் கேட்கிறது. வெற்றிடப் பெட்டி இல்லாவிடில் அந்த இரண்டாவது குரல் இல்லை.

இக்குரலைச் சரியாகப் பெறுவதில் தொழில்நுணுக்கம் மிகுந்த இடம் பிரிட்ஜ். வீணைக்காரர்கள் குதிரை என்று வழங்கும் அதே உறுப்பு, பழைய மரபில் செய்த ஆர்ச்டாப்பில் பலகையோடு ஒட்டப்படாமல், வால்பகுதியில் கட்டிய தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. எபனி அல்லது ரோஸ்வுட்டில் கடைந்த அதன் பாதம் வளைந்த பலகையின் மீது இம்மியளவு இடைவெளியும் இன்றிப் படிய வேண்டும். பாதி மட்டும் தொட்டு நின்றால் ஆற்றல் இறங்கும் வழி குறுகி, ஒலி மெலிந்து ஒட்டாமல் கேட்கும். ஆகவே கைதேர்ந்த தொழிலாளர், பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் உப்புத்தாளை அதன் சொரசொரப்பு மேல்நோக்கி இருக்கப் பலகைமேல் பரப்பி, பாதத்தை அதன்மீது சிறு வீச்சாக முன்னும் பின்னும் தேய்த்து, பலகையின் வளைவையே அச்சாகக் கொண்டு பாதத்தை வடிவமைப்பர். பிறகு இடம் காண வேண்டும். கழுத்தின் தலைப்பில் உள்ள நட் என்னும் காடிப்பட்டையிலிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட் வரையுள்ள தொலைவே அங்கிருந்து பிரிட்ஜ் வரைக்கும் என்பது பொதுக்கணக்கு. அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறுவதால், அதை ஈடுகட்ட ஒவ்வொரு தந்திக்கும் கொஞ்சம் கூடுதல் நீளம் விடப்படுகிறது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தியை வெறுமனே தொட்டு எழுப்பும் நாதமும், அங்கே அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாகும்வரை பிரிட்ஜை மயிரிழையளவு நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதே வழி. இந்த இடத்தை இழந்துவிடாதிருக்கத்தான் ஆர்ச்டாப்பில் தந்திகளை ஒருசேரக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றச் சொல்கிறார்கள்.

தந்தியின் தேர்வும் இதனோடு பிணைந்தது. மரபான ஆர்ச்டாப் வாசிப்பில் மெல்லிய முதல் தந்தியே 0.012 அல்லது 0.013 அங்குலத் தடிமன் உடையது. மூன்றாம் தந்தி வெறும் எஃகாக இல்லாமல் மேலே கம்பி சுற்றியதாக இருக்கும். ஒரே துண்டாகச் செதுக்கிய மரப் பிரிட்ஜின் மேல்விளிம்பில் உள்ள படிகள் அந்தச் சுற்றிய மூன்றாம் தந்திக்கென்றே கணக்கிட்டு வெட்டப்பட்டிருந்தால், வளைத்து வாசிக்க வசதி கருதி அங்கே மெல்லிய வெறுந்தந்தியை மாட்டுபவருக்கு அந்த ஒரு தந்தி மட்டும் மேல் ஃபிரெட்களில் சுருதி கூடியே ஒலிக்கும். உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான நாடாவைச் சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் தந்திகள், விரல் வழுக்கும்போது எழும் கீறொலியை ஏறக்குறைய இல்லாமலாக்கி, மேலோசையை மங்கவைத்து, சுரத்தின் நடுப்பகுதியைத் தடிப்பாக்குகின்றன. பிரகாசமான தந்தியை மாட்டிவிட்டு டோன் குமிழைத் திருகி மங்கவைப்பதைவிட, தந்தியிலேயே அந்த நிறத்தைத் தேடுவது மேல். குமிழ் வெட்டுவது மின்னோட்டத்தை மட்டுமே, பெட்டியின் காற்றில் எழும் ஒலியை அது தொடுவதில்லை.

பழுதுபார்ப்போரின் பொறுமையைச் சோதிப்பது மின்னிணைப்பு. முதுகில் திறப்பு எதுவும் இல்லாத பெட்டியாதலால், ஒலியளவுக் குமிழின் உட்பகுதி கெட்டுப்போனால் பிக்கப் குழி வழியாகவோ எஃப் துளை வழியாகவோதான் அதை வெளியே எடுக்க முடியும். புதியதைச் செலுத்தும்போது குமிழின் தண்டில் மெல்லிய ரப்பர் குழாயையோ நூலையோ பிணைத்து, மறுமுனையைப் பலகைத் துளை வழியே வெளியே விட்டு இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் அது தன் இடத்துக்கு வந்து சேரும். கம்பிகளின் நீளத்தையும் துளைகளின் இடைவெளியையும் முன்கூட்டியே அட்டையில் வரைந்து, வெளியிலேயே முழு இணைப்பையும் பற்றவைத்து முடிப்பவருக்கு இது ஒரு பிற்பகல் வேலை.

கருவியின் பெருங்குறை எனப்படும் ஃபீட்பேக்குக்கு வருவோம். ஒலிபெருக்கியிலிருந்து எழும் அலை பெட்டியின் பலகையை அசைக்க, பலகை தந்தியை அசைக்க, பிக்கப் அதை மீண்டும் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப, வட்டம் மூடிக்கொண்டு ஒரே சுரம் ஊளையாகப் பெருகுகிறது. பெட்டிக் காற்றும் பலகையும் இயல்பாகவே அதிரும் தாழ்ந்த சுரங்களில்தான் இது முதலில் தலைதூக்கும். சுரத்தைத் திரட்டித் தரும் அதே இளக்கம் ஊளைக்கும் வழிவிடுகிறது. இதை அடக்கும் முயற்சியாக, 1957இல் வந்த கிரெட்ச் நிறுவனத்தின் கன்ட்ரி ஜென்டில்மேனில் எஃப் துளைகள் போலியாகவே இடம்பெற்றன; அடுத்த ஆண்டு கிப்சன் தன் ஈஎஸ்-335இன் நடுவே நெடுக மேப்பிள் கட்டையை வைத்தது; பி. பி. கிங்கின் பெயரோடு 1980இல் வந்த லூசில் துளையே இல்லாமல் அமைந்தது. இவை சிறந்த கருவிகள். ஆனால் நடுக்கட்டை உள்ளது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் சுரம் நீளுகிறது, மரத்தின் தட்டொலி குறைகிறது. ஜார்ஜ் பென்சனுக்காக ஐபனிஸ் செய்த ஜிபி10 வேறு வழியில் சென்றது: பெட்டியைச் சிறிதாக்கி, பிக்கப்களைப் பலகையைத் தொடாமல் மிதக்கவிட்டு, உள்ளே வெற்றிடத்தை அப்படியே காத்தது. வெளித்தோற்றத்தால் ஏமாறுவதும் உண்டு. பீட்டில்ஸ் குழுவினர் வாசித்த எபிஃபோன் கசினோ, பார்வைக்கு 335 போன்று மெல்லியதானாலும் உள்ளே முழு வெற்றிடமே.

ராக் அண்ட் ரோல் இசைக்காரர்கள் இதே பெட்டியை வேறு நோக்கில் எடுத்துக்கொண்டார்கள். எல்விஸ் பிரெஸ்லியின் 1954ஆம் ஆண்டுப் பதிவுகளில் ஸ்காட்டி மூர் வாசித்தது ஈஎஸ்-175இன் பொன்வண்ண உடன்பிறப்பான ஈஎஸ்-295. செட் அட்கின்ஸ் பெயர்தாங்கிய கிரெட்ச் 6120, எடி காக்ரன் முதல் பிரையன் செட்ஸர் வரை ஒரு நடையின் அடையாளமாகவே ஆயிற்று. விரைந்து ஒடுங்கும் சுரத்தின்மேல் எதிரொலியைச் சேர்க்கும்போது ஒவ்வோர் எதிரொலியும் தனித்தனியே தெளிவாக விழுகிறது என்பதை அவர்கள் கேட்டுணர்ந்திருந்தார்கள்.

ஆகவே இத்தகைய கிதாரை வாங்க வருபவர் ஆம்ப்ளிஃபயரில் செருகுமுன் அதைச் சும்மா மீட்டிப் பார்ப்பது நல்லது. ஆறு தந்திகளும் ஒத்த வலிமையுடன் எழுகின்றனவா, ஏதேனும் ஒரு சுரம் மட்டும் பெட்டியில் அளவுமீறிக் குமுறுகிறதா என்பவை அப்போதே தெரிந்துவிடும். அப்படிக் குமுறும் சுரமே பின்னர் மேடையில் முதலில் ஊளையிடும். செருகிய பின் ஆம்ப்ளிஃபயருக்கு நேரெதிரே நில்லாமல் பக்கவாட்டில் திரும்பி நின்று, தாழ்ந்த அலைவரிசையைச் சற்றுக் குறைத்து, ஒலியளவைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். ஈரக்காற்றுள்ள ஊர்களில் செதுக்கிய பலகை பருவந்தோறும் சிறிது உப்பியும் தாழ்ந்தும் தந்தியின் உயரத்தை மாற்றும் என்பதால், பிரிட்ஜின் இருபுறத் திருகுச் சக்கரங்களை மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் சரிபார்த்துக்கொள்வது இதை வைத்திருப்போரின் வழக்கமாக வேண்டும்.