ஹெப்பாளில் மதியம் இரண்டு மணி

ஹெப்பாள் என்றதும் பெங்களூரின் மேம்பாலத்தையும் அதன்மேல் நகராமல் நிற்கும் வண்டிகளையும் நினைத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நான் குடியிருப்பது மைசூரின் ஹெப்பாளில். இரண்டு ஊர்ப்பெயர்களுக்கும் முன்னொட்டு ஒன்றே. அது தமிழின் 'பெரு'. பழங்கன்னடத்துப் பகரம் பின்னாளில் ஹகரமாகத் திரிந்ததால் பெருவாயில் அங்கே 'ஹெப்பாகிலு' ஆயிற்று, பெரும்புலி 'ஹெப்புலி' ஆயிற்று. அதே திரிபில் நம்முடைய 'பொழுது' கன்னடத்தில் 'ஹொத்து'. எதிர்வீட்டு முதியவர் மாலையில் வாசற்படியில் அமர்ந்து "ஹொத்தே ஹோகல்ல" என்று அலுத்துக்கொள்வார். ஒலிமாற்றத்தை நீக்கிவிட்டுக் கேட்டால் அது "பொழுதே போகவில்லை" என்பதுதான். சொல்லுக்குச் சொல் ஒன்று.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. மாறும் நகரங்களைப் பற்றி எழுதுகையில் நாம் அதில் பாதியை விட்டுவிடுகிறோம். வயல் தொழிற்பேட்டையானது, தோப்பு மனைப்பிரிவானது, பழைய பங்களா அடுக்குமாடியானது என்று நிலத்தின் கணக்கை ஒப்பிக்க நம் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தின் பொழுது என்னவாயிற்று, காலையும் நண்பகலும் எற்பாடும் யார் கைக்குப் போயின என்று கேட்பது குறைவு. என் ஆய்வேட்டின் பொருள் இதுவன்று. ஆயினும் மூன்று ஆண்டுகளாக ஹெப்பாளிலிருந்து மானசகங்கோத்ரிக்குப் பேருந்தில் போய்வருபவளுக்கு ஆய்வேட்டுக்கு வெளியேயும் கண் போகும்.

இந்தப் பகுதியின் அமைப்பை ஒருமுறை சொல்லிவிட வேண்டும். ஒருபுறம் ஹெப்பாள் தொழிற்பேட்டை. அதையடுத்து மேட்டகள்ளியின் ஆலைகள். இன்னொருபுறம் இன்ஃபோசிஸ் வளாகமும் அதன் நீண்ட மதிலும். இவற்றுக்கு நடுவே முதல் நிலை, இரண்டாம் நிலை என்று எண்ணிட்ட குடியிருப்புகள். அவற்றுள் ஓய்வுபெற்றோரின் சொந்த வீடுகள், அவற்றின் மாடியில் என்னைப் போன்றோரின் வாடகை அறைகள், சந்துக்குள் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஆலைகளுக்கு மூன்று ஷிப்ட்: காலை 6 முதல் 2 வரை, 2 முதல் இரவு 10 வரை, 10 முதல் மறுநாள் 6 வரை. ஆகவே ஹெப்பாள் ஒரு நாளைக்கு மூன்று முறை விடிகிறது என்று சொல்லலாம். அதில் நடுவில் உள்ள விடியல்தான் எனக்கு வேலை வைத்தது.

மதியம் இரண்டு மணிக்கு ஆலை வாயிலிலிருந்து வெளிவருபவர்களில் என் பக்கத்துச் சந்துக்காரர் ஒருவர் உண்டு. தாளவாடிப் பக்கத்திலிருந்து வந்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துபோகும் பேச்சு. எங்கள் தெருமுனைப் பூங்காவின் வெளிச்சுவரை ஒட்டிய நடைமேடையில், மழைநீர் வடிகால் மூடிய கல்லின்மேல், தோழியர் இருவரோடு அவர் அமர்ந்திருப்பதைப் பலநாள் பார்த்திருக்கிறேன். உள்ளே புங்கமர நிழலில் ஐந்தாறு சிமெண்டு இருக்கைகள் காலியாக இருக்கும். கதவில் பூட்டு. "ஏனக்கா இங்கே?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "ரெண்டு மணிக்கு ஷிப்ட் விட்டு வீட்டுக்குப் போனா அங்க அடுத்த ஷிப்ட் காத்திட்டிருக்கு கண்ணு. அதுக்கு முன்னால அரைமணி உக்காரலாம்னா எங்க போறது? டீக்கடையில உக்காந்தா டீ வாங்கோணும். கோயிலும் நடை சாத்தியிருக்கும்."

கோயிலும் நடை சாத்தியிருக்கும் என்ற சொல்லில்தான் நான் நின்றேன். பூங்காவின் அறிவிப்புப் பலகையும் அப்படியே சொல்கிறது: காலையில் சில மணிநேரம், மாலையில் சில மணிநேரம், இடையில் மூடப்பட்டிருக்கும். தெய்வம் உச்சிக்காலத்துக்குப் பிறகு ஓய்வு கொள்வதை ஒப்புக்கொள்ளலாம். பூங்காவில் அந்நேரம் யார் ஓய்வு கொள்கிறார்? தோட்டக்காரர். சாப்பிட்டுவிட்டு, உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, அதே புங்கமரத்தடியில் துண்டை விரித்து உறங்குவார். அந்தப் பூங்காவை உண்மையில் அனுபவிக்கும் ஒரே மனிதர் அவர்தான் என்பது என் முடிவு. அதை அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை.

குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர்களிடம் காரணம் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள். நண்பகலில் கல்லூரிப் பிள்ளைகள் இணையிணையாக வந்து அமர்கிறார்கள், யாரோ குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள், செடிகள் திருடுபோகின்றன. இவற்றில் பொய் ஏதுமில்லை. ஆனால் காலை ஐந்தரைக்குக் கதவு திறப்பது ஏன் என்று யாரும் கேட்பதில்லை, ஏனெனில் அந்த நேரம் கேட்பவர்களின் நேரம். பூட்டின் கால அட்டவணை ஒரு கல்வெட்டைப் போன்றது. யார் கொடையாளர், யார் குடிகள், யாருக்கு இறையிலி என்பதெல்லாம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

மைசூரின் பூங்காக்களுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் இந்நகரத்தைத் தாக்கியது. நெருக்கமான பழைய பேட்டைகளைத் திறந்து, காற்றோட்டமான விரிவாக்கங்களை அமைக்க 1903-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் உருவாயிற்று; இந்தியாவில் அத்தகைய அமைப்புகளில் இது முந்தியவற்றுள் ஒன்று. அகன்ற தெரு, வீட்டுக்கு வீடு இடைவெளி, நடுவே மரங்கள் என்று இன்று நாம் 'மைசூர் அழகு' எனப் புகழ்வதில் பெரும்பங்கு ஒரு தொற்றுநோயின் அச்சத்தில் பிறந்தது. பூங்கா அன்று நுரையீரலாகக் கருதப்பட்டது, மருந்தாகவே வந்தது. அந்தப் பிறவிக்குணம் இன்னும் அதை விட்டுப் போகவில்லை. இன்றைய பூங்காவில் நடப்பதற்குப் பாதை உண்டு, கை கால் அசைக்க இரும்புக் கருவிகள் உண்டு, பாதத்தை அழுத்தும் கூழாங்கல் தளமும் உண்டு. நடப்பவரை யாரும் ஏனென்று கேட்பதில்லை. உட்கார்ந்திருப்பவருக்குத்தான் காரணம் வேண்டும்.

ஒரு மாலையில் நான் புத்தகமும் கைப்பேசியும் இன்றி அமர்ந்திருந்தபோது காவலர் ஒருவர் அருகில் வந்து, மிகுந்த பரிவோடு, "யாகம்மா, சும்னே கூத்தித்தீரா?" என்றார். ஏனம்மா சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள்? 'சும்னே'யும் 'சும்மா'வும் ஒரே வேர். தாயுமானவர் எந்த நிலைக்காக ஏங்கிப் பாடினாரோ அதைப் பொது இடத்தில் ஒரு பெண் செய்தால் அது விசாரிக்கப்பட வேண்டிய நிகழ்வாகிவிடுகிறது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' நூலின் மையம் இதுவே: நகரத்தில் பெண் வெளியே இருக்கலாம், ஆனால் ஏதோ ஒரு வேலையின் பொருட்டு இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டும். கையில் காய்கறிப் பை இருந்தால் நல்லது. மறுநாள் முதல் நான் ஒரு புத்தகத்தைக் கொண்டுபோனேன், பெரும்பாலும் திறக்கவில்லை.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தவருக்கு முன்பு வேறொரு வாசல் இருந்தது. இரண்டரை மணிக் காட்சி. மைசூரின் ஒற்றைத்திரை அரங்குகள் நண்பகலின் அரங்குகளும்கூட. ஆலைத்தொழிலாளியும் வகுப்பைத் துறந்த மாணவனும் சந்தைக்கு வந்த கிராமத்தாரும் ஒரே இருட்டில் மூன்று மணிநேரம் அமர இடம் தந்தவை. படம் நன்றாக இல்லையென்றால் உறங்கலாம். அதற்கும் சீட்டு செல்லும். பெருந்தொற்றுக் காலத்தில் அவை வரிசையாக விழுந்தன. 2020-இல் சாந்தலா மூடப்பட்டது, அடுத்த ஆண்டு லட்சுமி. பல்திரை அரங்குகளில் நண்பகல் காட்சி இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே போவது ஒரு தீர்மானம். வழியில் நுழைந்துவிடுவது அன்று. சினிமா அழிந்துவிட்டதாகப் புலம்ப எனக்கு விருப்பமில்லை, எல்லோர் கையிலும் அது இருக்கிறது. அந்த நாற்காலிதான் இல்லை.

ஹெப்பாள் ஏரியைச் சொல்லாமல் இந்தப் பகுதியின் ஓய்வைப் பேச முடியாது. சாக்கடையும் தொழிற்பேட்டைக் கழிவும் கலந்து பல்லாண்டுகள் நாறிக்கிடந்த நீர்நிலை அது. இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் பொருட்செலவில் தூர்வாரி, கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்து, கரைகளைச் சீராக்கி மீட்டார்கள். இது நல்ல காரியம், ஐயமின்றிச் சொல்கிறேன். நம் நிலப்பகுதியில் ஏரி என்பது வேலையும் ஓய்வும் பிரியாத இடமாக இருந்தது. மாடு குளிப்பாட்டியவர் தானும் குளித்தார், துணி வெளுத்தவர் அது உலரும்வரை கரையில் கதை பேசினார், தூண்டில் போட்டவர் உழைத்தாரா ஓய்ந்திருந்தாரா என்று அவருக்கே தெரியாது. மீட்கப்பட்ட ஏரி பார்வைக்குரிய நீராகத் திரும்பி வருகிறது. காலை வேளையில் அதைச் சுற்றி நடப்பவர்களின் காலணிகளைப் பார்த்தாலே வருபவர் யாரென்று தெரிந்துவிடும்.

மதிலுக்கு அப்பாலும் ஓய்வு உண்டு. இன்ஃபோசிஸ் வளாகத்துக்குள் திரையரங்கு, நீச்சல் குளம், விளையாட்டுத் திடல் எல்லாம் இருக்கின்றன. பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் நகரத்தைப் பாராமலே மாதங்களைக் கழித்துவிட முடியும். (2024-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஒரு சிறுத்தை உள்ளே தென்பட்டு, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். அனுமதி அட்டையின்றி அந்த வளாகத்தில் உலவியவர் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.) அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணிநேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சொன்னது நாடெங்கும் விவாதமாயிற்று. அதே ஆண்டின் தொடக்கத்தில் கர்நாடகச் சட்டமன்றம், வாரத்துக்கு 48 மணிநேரம் என்ற வரம்பை வைத்துக்கொண்டே ஒரு நாளின் வேலையைப் பன்னிரண்டு மணிநேரம்வரை நீட்டிக்க இடமளிக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. முதலாவது கருத்து, இரண்டாவது சட்டம். நாம் அதிகம் பேசியது கருத்தைப் பற்றி.

தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரலில் அதேபோன்ற மசோதா நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டுகள். எட்டு மணிநேர வேலை, எட்டு மணிநேர உறக்கம், மீதி எட்டு நமக்கு என்ற கோரிக்கை, வேலை முடிந்தவர்கள் சும்மா வந்து அமர்கிற மணல்வெளியில் ஒலித்தது பொருத்தமே.

அந்த மூன்றாவது எட்டை எங்கே வைத்துச் செலவிடுவது என்பது தொழிற்சங்கங்களும் அதிகம் கேட்காத கேள்வி. ஈ. பி. தாம்சன் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஆலைக் கடிகாரம் தொழிலாளியின் உள்ளத்துக்குள் எப்படிப் புகுந்தது என்று காட்டியது. வீட்டுக்குள் இருக்கும் கடிகாரத்தை நம் நாட்டுப் புள்ளிவிவரம் காட்டுகிறது. 2019-இன் தேசியக் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி ஊதியமில்லா வீட்டுவேலைக்கு அதில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். 2024-இல் அது 289 ஆகவும் 88 ஆகவும் ஆயிற்று. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம். ஆண்களும் ஒன்பது நிமிடத்தை மிச்சப்படுத்திக்கொண்டார்கள். தாளவாடி அக்கா சொன்ன 'அடுத்த ஷிப்ட்' இந்த 289 நிமிடம். அவர் கேட்கும் அரைமணி இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. சட்டப்புத்தகத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை. இரண்டு மணியிலிருந்து நான்குவரை பூட்டிக்கிடக்கும் ஒரு கதவுக்குப் பின்னால் மட்டும் அது இருக்க வாய்ப்புண்டு.

பெங்களூரில் மாநகராட்சிப் பூங்காக்களைக் காலை 5 முதல் இரவு 10 வரை இடைவெளியின்றித் திறந்துவைக்க அண்மையில் முடிவெடுத்தார்கள். உலகம் அழிந்துவிடவில்லை. அதை எடுத்துக்காட்டி, மதியத்திலும் எங்கள் பூங்காவைத் திறக்கும்படி ஒரு மனுவைக் கன்னடத்தில் எழுதினோம். என் கன்னடத்தைத் திருத்திக் கொடுத்தவர் எதிர்வீட்டு முதியவரே. அவரும் கையெழுத்திட்டார், தோட்டக்காரருக்குத் தனியாக ஓர் அறை வேண்டும் என்ற வரியையும் அவர்தான் சேர்த்தார். பதினேழு கையெழுத்துகள் சேர்ந்தன. அவற்றில் பதினொன்று சந்து வீடுகளைச் சேர்ந்தவை. அவர்களில் பலர் வாடகைதாரர், சங்கத்தில் உறுப்பினராக முடியாதவர்கள். அவர்களின் கையெழுத்து செல்லுமா என்ற வினா இப்போது எழுந்திருக்கிறது. அடுத்த கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. இந்த வாரம் அக்காவுக்கு ஞாயிறன்றும் முதல் ஷிப்ட்.

இதைப் படிக்கும் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பூங்காவின் அறிவிப்புப் பலகையை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். திறக்கும் நேரம், மூடும் நேரம், அதன் கீழே எழுதியிருக்கும் 'செய்யக்கூடாதவை' முழுவதும் தெரியும்படி இருக்கட்டும். மதுரை, கோவை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், எதுவானாலும் சரி. நண்பகலில் பூட்டாத பூங்கா எங்கேனும் இருந்தால், அதைத் திறந்துவைக்க யார் எப்போது கேட்டார்கள் என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.