கைப்பழக்கம்

அம்மாவுக்கு என் பெயர் மறந்துவிட்டது. “நீ யாரு வீட்டுப் பொண்ணு?” என்கிறாள். மடியில் மல்லிகையைக் கொட்டினால் மட்டும் விரல்கள் தாமாகவே தொடுக்கின்றன.

உளவியல் வகுப்பில் நான் நடத்தும் பாடம்தான் இது. 1953இல் நடந்த மூளை அறுவைக்குப் பின் ஹென்றி மொலைசனுக்குப் புதிய நிகழ்வுகள் எதுவும் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடிப் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையவைத்தார். மூன்று நாளில் கை தேறிவிட்டது. முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது. நடந்ததை நினைப்பது ஒன்று, கைப்பழக்கம் வேறொன்று.

எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது, கொஞ்ச நாள்.

அப்பா போய் 11 வருஷம். அம்மாவுக்கு அது நினைவில்லை. “ஆபீஸ்லேர்ந்து வந்துட்டாரா?” என்று கேட்கிறாள். ஆனாலும் சரத்தைக் கொண்டைக்குக் கொண்டுபோகும் கை பாதியில் நின்றுவிடுகிறது.

நேற்று நானே வைத்துவிட்டேன்.