எண்ணிப் பிரிக்கிற வேலை

சித்தப்பா சிவில் இன்ஜினியர். அமெரிக்காவிலிருந்து 1979-இல் திரும்பியபோது ஒரு டிஐ-59 கால்குலேட்டரும் அதற்கான பிசி-100சி பிரிண்டரும் கொண்டுவந்தார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1977-இல் வெளியிட்ட கால்குலேட்டர் அது. 960 படிகள் வரை புரோகிராம் எழுதலாம். எழுதியதைச் சின்ன காந்த அட்டையில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பிரிண்டர்மேல் உட்காரவைத்துப் பூட்டினால், சூடு பட்டால் கறுக்கிற தாளில் வரிக்கு 20 எழுத்து அச்சாகும்.

போன மாதம் பிரிண்டரின் தட்டைப் பின்னுக்கு ஒரு அடாப்டர் மாட்டி நேராகச் செருகிவிட்டேன். அது 120 வோல்ட் சாமான். சித்தப்பா ஸ்டெப்-டவுன் பெட்டி வைத்து ஓட்டியது, கருகல் வாசம் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

சென்னை ரிச்சி தெருவில் இரண்டு கடை கைவிரித்தது. மூன்றாவது கடைக்காரர், "காயில் கட்டுற இடத்துக்குப் போங்க சார்" என்று ஒரு மாடிப்படியைக் காட்டினார். மேலே ஒரே அறை. ஒரு மாஸ்டர், வைண்டிங் மெஷினில் ஓர் அக்கா, வார்னிஷ் வாடை.

பிரிண்டருக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மரை முகர்ந்து பார்த்த மாஸ்டர், "பிரைமரி போயிருச்சு" என்றார். மீட்டர் அப்புறம்தான் வந்தது.

சுற்றுவதுதான் தொழில் என்று நினைத்துப் போனவன் நான். பாதி நாள் பிரிப்பதில் போனது. வார்னிஷில் ஒட்டிக்கிடந்த ஸ்டாம்பிங்கில், அதாவது இரும்புத் தகட்டு அடுக்கில், முதல் தகடு எளிதில் வராது. தேய்ந்த கத்தியை இடுக்கில் நுழைத்து, மரச் சுத்தியால் பூப்போலத் தட்டினார். ஒன்று அசைந்தபின் மற்றவை வந்தன. E வடிவத் தகடு ஒரு குவியல், I வடிவத் தகடு ஒரு குவியல். பிறகு பாபினை மெஷினில் மாட்டி, கம்பியை இழுத்து இழுத்து எண்ணினார். கருகிய கம்பி அடிக்கடி அறுந்தது. அறும்போதெல்லாம் கவுன்ட்டரில் நின்ற எண்ணை அட்டையில் குறித்துவிட்டுத் தொடர்ந்தார். "சில பேரு பிளேடால வெட்டி எறிஞ்சிருவான் சார். அப்புறம் எத்தனை சுத்துன்னு யாரைக் கேக்கறது?"

ஒரு துண்டை நெருப்புக் குச்சியில் காட்டி எனாமலை எரித்தார். துணியால் துடைத்து, ஸ்க்ரூ கேஜில் பிடித்து, கேஜ் எண்ணைச் சொன்னார்.

அதே எண்ணிக்கையில் சுற்றித் தந்தால் போதுமே என்றேன். பென்சிலை எடுத்தார். நடு இரும்பின் குறுக்குப் பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 45-ஐ ஆறால் வகுக்க வேண்டும்: வோல்ட்டுக்கு 7.5 சுற்று. இது நம் 50 ஹெர்ட்ஸ் கணக்கு. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் 6.25 போதும். ஆக, அங்கே 120 வோல்ட்டுக்கு 750 சுற்று. அதே இரும்பில் இங்கே 230-க்கு 1725. செகண்டரியும் 6.25-க்கு 7.5 என்ற விகிதத்தில் கூட வேண்டும். கரன்ட் பாதியாவதால் பிரைமரிக்கு மெல்லிய கம்பி போதும். ஆனாலும் இத்தனையும் இரும்பின் நடுவே உள்ள அந்தச் சின்ன ஜன்னலுக்குள் அடங்குமா என்பதுதான் அவர் கவலை. சுற்றைக் கொஞ்சம் குறைத்தார். குறைத்தால் இரும்பு சற்றுச் சூடாகும், பரவாயில்லை என்றார். எவ்வளவு குறைப்பது என்பதற்குச் சூத்திரம் இல்லை, அவர் அனுபவம்தான்.

அக்கா சுற்றத் தொடங்கினார். வலது கை பிடியைச் சுழற்ற, இடது கை விரலிடுக்கில் கம்பி ஓடியது. எத்தனை வருஷமாக இந்த வேலை என்று கேட்டேன். பதில் இல்லை. மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அடுக்கு முடிந்து, லெதராய்டு பேப்பர் வைத்து ஒட்டியபின், "இருபத்திரண்டு வருஷம்" என்றார் அக்கா. கேட்டதையே நான் மறந்திருந்தேன்.

ஸ்டாம்பிங்கைத் திரும்ப அடுக்கும்போது கடைசி இரண்டு தகடு எந்த டிரான்ஸ்ஃபார்மரிலும் உள்ளே போகாதாம். விட்டுவிட்டால் இரையும். தட்டித் தட்டி நுழைத்தார். நேராக லைனில் கொடுக்கவில்லை; 60 வாட் பல்பு ஒன்றைச் சீரிஸில் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். இது ஒரு கணம் சிவந்து அடங்கியது. வார்னிஷில் முக்கிக் காயவைத்து மறுநாள் பிரிண்டரில் ஏற்றினார். பழைய ரோல் பழுப்பேறிக் கிடந்ததால் பில் போடும் தாளைச் செருகினோம். கரகரவென்று ஒரு வரி வந்தது.

நான் பணத்தை எண்ணுவதற்குள் தட்டைப் பின்னை நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, உருண்டைப் பின் பிளக் மாட்டினார். பின்பக்கத் தகட்டில் இருந்த 120-ஐ மார்க்கரால் அடித்து, பக்கத்தில் பெரிதாக 230 என்று எழுதினார்.