எழுதாமல் விட்ட ஒரு வரி

பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை வைத்து வேலை செய்பவர்களுக்கு ‘வெரிஃபை = ஃபால்ஸ்’ என்ற வரி தெரிந்திருக்கும். எதிர்முனையில் இருக்கும் சர்வர் காட்டுகிற சான்றிதழைச் சரிபார்க்காதே என்று சொல்லும் வரி அது. ப்ராக்சி வழியாக ஹெச்டிடிபிஎஸ் கோரிக்கை அனுப்பும்போது சிக்கல் வந்து இணையத்தில் தேடினால், முதலில் கண்ணில் படுகிற மருந்தும் பெரும்பாலும் அதுதான். போட்ட உடனே பிழை காணாமல் போகும். நோய் அப்படியே இருக்கும். 2022-ல் ஒரு நூற்பாலையின் கணினி அறையில் உட்கார்ந்து அந்த வரியை எழுதிவிட எனக்கு அத்தனை ஆசை இருந்தது. எழுதவில்லை. அன்று கற்றதைத்தான் இன்றுவரை வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல், விற்றுமுதல் 20 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. 2020 அக்டோபரில் 500 கோடியில் தொடங்கிய வரம்பு படிப்படியாக இறங்கி, எங்கள் கோவை, திருப்பூர் வட்டாரத்து நடுத்தர ஆலைகளை எட்டியிருந்தது. பில் விவரத்தைப் பதிவுத் தளத்துக்கு அனுப்பினால் 64 எழுத்து கொண்ட ஐஆர்என் எண்ணும் ஒரு க்யூஆர் கோடும் திரும்பி வரும். அவை இல்லாத பில் பில்லாகவே கணக்கில் வராது. நாங்கள் எழுதிய புரோகிராம் ஓர் இடைச்சேவை மூலமாக அந்த வேலையைச் செய்தது. எங்கள் அலுவலகத்தில் ஓடியது. ஆலைக்குக் கொண்டுபோனதும் நின்றுவிட்டது. அங்கே வெளியே போகிற எல்லாப் போக்குவரத்தும் ஒரு ப்ராக்சியைக் கடந்துதான் போக வேண்டும்.

“ப்ரௌசர்ல அந்த சைட்டு நல்லாத்தானுங்க ஓடுது. உங்க சாஃப்ட்வேர்லதானுங்க கோளாறு” என்றார் ஆலையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. ப்ரௌசரில் ஓடுகிறது, புரோகிராமில் ஓடவில்லை. இந்த வித்தியாசத்துக்குள்தான் முழு விஷயமும் ஒளிந்திருந்தது.

ப்ராக்சி வழியாகப் போகும் பாதுகாப்பான கோரிக்கை ஒரே தாவலில் போய்ச் சேர்வதில்லை. பழைய டிரங்க் கால் நினைவிருக்கிறவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். முதலில் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, இன்ன ஊர், இன்ன நம்பர் என்று சொல்வோம். ஆபரேட்டர் லைனை இணைத்துவிட்டு விலகிக்கொள்வார். பிறகு பேசுவது நாமும் அந்தப் பக்கத்தவரும்தான். நம் புரோகிராமும் அப்படித்தான் ப்ராக்சியிடம் ‘கனெக்ட்’ என்ற சொல்லோடு போக வேண்டிய சர்வரின் பெயரையும் 443 என்ற போர்ட் எண்ணையும் வெளிப்படையாகச் சொல்கிறது. ப்ராக்சி 200 என்று பதில் தந்தால் சுரங்கம் திறந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகுதான் டிஎல்எஸ் கைகுலுக்கல், சான்றிதழ், மறையாக்கம் எல்லாம். கோரிக்கையின் உள்ளே என்ன இருக்கிறது என்பது ப்ராக்சிக்குத் தெரியக் கூடாது. தெரிகிற இடங்களும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்று முதலில் வந்த பிழை ‘ராங் வெர்ஷன் நம்பர்’. டிஎல்எஸ் பதிப்பு ஒத்துப்போகவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையான காரணம் வேறு. அமைப்புக் கோப்பில் ப்ராக்சியின் முகவரிக்கு முன்னால் ‘ஹெச்டிடிபிஎஸ்’ என்று எழுதியிருந்தது. ரிக்வெஸ்ட்ஸில் ப்ராக்சியைக் குறிக்கும்போது இடப்பக்கம் வரும் ‘ஹெச்டிடிபிஎஸ்’ நாம் போக வேண்டிய தளத்தைப் பற்றியது. வலப்பக்கம் முகவரியோடு ஒட்டி வருவது, ப்ராக்சியோடு எந்த மொழியில் பேச வேண்டும் என்பதைப் பற்றியது. பெரும்பாலான ப்ராக்சிகள் சாதாரண ஹெச்டிடிபியில்தான் பேசும். அடியில் இருக்கும் யூஆர்எல்லிப்3 லைப்ரரி பல ஆண்டுகளாக வலப்பக்க எழுத்தைப் பொருட்படுத்தாமல் இருந்தது. 2020 நவம்பரில் வந்த 1.26 பதிப்பு அதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. ப்ராக்சியிடமே டிஎல்எஸ் பேசப் போனது. ப்ராக்சி சாதா எழுத்தில் ஏதோ பதில் சொல்ல, அந்த எழுத்துகளை டிஎல்எஸ் பதிப்பு எண்ணாகப் படித்துவிட்டு லைப்ரரி குழம்பியது. முகவரியில் ஓர் எழுத்தை, கடைசி ‘எஸ்’ஸை, எடுத்தோம். அந்தப் பிழை போயிற்று.

அடுத்து 407. ப்ராக்சி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது, நாம் கொடுத்தது அதற்குப் பிடிக்கவில்லை என்று பொருள். ஆனால் அதே கடவுச்சொல்லை ப்ரௌசரில் போட்டால் ஏற்றுக்கொள்கிறது. கடவுச்சொல்லின் நடுவே ஒரு சதவீதக் குறியும், அதையொட்டி 40 என்ற இலக்கங்களும் இருந்தன. முகவரி வடிவத்துக்குள் கடவுச்சொல்லை எழுதும்போது அந்த மூன்று குறிகளும் சேர்ந்து ‘@’ என்ற ஒற்றைக் குறியாக மாறிவிடும். ப்ராக்சிக்குப் போய்ச் சேர்ந்தது வேறு கடவுச்சொல். சதவீதக் குறியை ‘%25’ என்று எழுதிய பிறகு ப்ராக்சி உள்ளே விட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு திருத்தங்களுக்குப் பிறகும் திரையில் சிவப்பு எழுத்துதான். பக்கத்தில் நின்ற டெஸ்பாட்ச் பிரிவுக்காரருக்கு எதுவும் நகரவில்லை. “ஏனுங்க தம்பி, லாரி லோடு ஏத்தி நிக்குதுங்க. பில்லு வந்தாத்தானுங்க கேட்டைத் தாண்டும்” என்று நயமாகத்தான் சொன்னார். அந்த நயம்தான் நெஞ்சை அழுத்தியது. ஆனால் நாங்கள் இரண்டு கட்டம் முன்னேறியிருந்தோம். பிழை மாறுகிறது என்றால் கோரிக்கை முன்பு நின்ற இடத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ப்ராக்சிச் சிக்கலில் எனக்கு இதைவிடப் பயன்பட்ட அறிவு வேறு இல்லை. ப்ராக்சியின் பெயரே தெரியவில்லை என்றால் முகவரியைப் பார். 407 என்றால் அடையாளத்தைப் பார். ‘கனெக்ட்’டுக்கே 403 வந்தால் ப்ராக்சியின் விதியைப் பார். ஸ்க்விட் ப்ராக்சியின் இயல்பான அமைப்பு 443 தவிர்த்த போர்ட்டுகளுக்குச் சுரங்கம் தருவதில்லை, 8443-ல் இருக்கும் சர்வருக்குப் போக நினைத்தால் அங்கேயே தடுத்துவிடும். 502, 504 என்றால் பெரும்பாலும் ப்ராக்சியால் வெளியே போய்ச் சேர முடியவில்லை. 401 வந்தால் ப்ராக்சியைக் கடந்து போக வேண்டிய சர்வரையே தொட்டுவிட்டோம். ஒவ்வொரு எண்ணும் பயணம் எந்த இடத்தில் நின்றது என்று சொல்கிறது.

மூன்றாவது பிழை சான்றிதழ்ப் பிழை. சங்கிலியில் தானே கையெழுத்திட்டுக்கொண்ட சான்றிதழ் ஒன்று இருக்கிறது, அதனால் சரிபார்ப்பு தோற்றது என்றது லைப்ரரி. ‘வெரிஃபை = ஃபால்ஸ்’ எழுத ஆசை வந்தது இந்த இடத்தில்தான். ஒரு வரி. லாரி போய்விடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாளை வராது என்று எனக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. எங்கள் அலுவலகத்தில் மூத்தவரை, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவரை, போனில் பிடித்தேன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கேட்டது: “அந்தச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டது யாருன்னு பார்த்தியா தம்பி?”

பார்க்கவில்லை. அதே கணினியில் ப்ரௌசரைத் திறந்து, பூட்டுக் குறியைச் சொடுக்கி, சான்றிதழை விரித்தோம். வழங்கியவர் என்ற இடத்தில் ஊரறிந்த சான்றிதழ் நிறுவனம் எதுவும் இல்லை. ஆலையின் ஃபயர்வால் பெட்டியின் பெயர் இருந்தது. அதாவது, ஆபரேட்டர் லைனை இணைத்துவிட்டு விலகவில்லை. நடுவில் உட்கார்ந்து, எங்களிடம் சர்வராகவும், சர்வரிடம் நாங்களாகவும் பேசிக்கொண்டிருந்தார். வைரஸும் தகவல் கசிவும் பார்ப்பதற்காக நிறுவனங்கள் இப்படி வைப்பது வழக்கம், தவறும் இல்லை. அதற்காக அந்தப் பெட்டியின் சொந்த ரூட் சான்றிதழை ஆலையின் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஏற்றிவைத்திருந்தார்கள். குரோமும் எட்ஜும் விண்டோஸின் சான்றிதழ்க் கிடங்கைப் பார்த்ததால் அவற்றுக்குக் குறை தெரியவில்லை. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ், சர்ட்டிஃபை என்ற தன் சொந்தத் தொகுப்பை மட்டும் பார்க்கும். அதில் ஆலையின் சான்றிதழ் எப்படி இருக்கும்? ஜாவாவுக்கும் நோடுக்கும் தனித்தனிக் கிடங்கு உண்டு. விண்டோஸோடு வரும் கர்ல் கூட விண்டோஸ் கிடங்கைத்தான் பார்க்கும், எனவே கர்லில் போய்விட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ப்ரௌசரில் ஓடுகிறது என்று நெட்வொர்க்குக்காரர் சொன்னதும், எங்கள் அலுவலகத்தில் ஓடியது என்று நாங்கள் சொன்னதும் இரண்டுமே உண்மை என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று அந்த வரியை எழுதியிருந்தால் ஆலையின் பெட்டியை மட்டும் நம்பியிருக்க மாட்டோம். அந்தப் பாதையில் யார் நடுவே வந்து உட்கார்ந்தாலும் நம்பியிருப்போம். போகிற தரவில் சேவையின் கடவுச்சொல், வாங்குபவர்களின் ஜிஎஸ்டி எண், என்ன விலைக்கு எவ்வளவு நூல் என்பது எல்லாம் உண்டு. இந்த வட்டாரத்தில் நூல் விலை போட்டியாளருக்குத் தெரிவது சாதாரண விஷயம் இல்லை.

லாரி விஷயத்தை அக்காவே தீர்த்தார். அரசுத் தளத்தில் பில்களைக் கோப்பாகக் கையால் ஏற்றும் வழி உண்டு. “இன்னைக்கு பில்லை மட்டும் கையில ஏத்தி அனுப்பிடுங்க, அவசரத்தைக் கோடுக்குள்ள கொண்டுவராதீங்க” என்றார். லாரி கிளம்பியது. அவசரத்துக்கு ஒரு கைவழி எப்போதும் இருக்க வேண்டும் என்று இப்போது நான் எந்த வாடிக்கையாளரிடமும் முதலிலேயே பேசிவிடுகிறேன். கைவழி இல்லாத இடத்தில்தான் குறுக்குவழி கோடுக்குள் நுழைகிறது.

பிறகு நிதானமாகச் செய்தோம். விண்டோஸின் சான்றிதழ் மேலாளரிலிருந்து ஆலையின் ரூட் சான்றிதழை பேஸ்-64 வடிவில் எடுத்தோம். சர்ட்டிஃபை தொகுப்பின் நகல் ஒன்றின் கடைசியில் அதை ஒட்டித் தனிக் கோப்பாக வைத்தோம். சர்ட்டிஃபையின் சொந்தக் கோப்பிலேயே ஒட்டுகிறவர்கள் உண்டு. அடுத்த மேம்படுத்தலில் அது அழிந்துபோகும், ஒரு நாள் காலையில் எல்லாம் நின்றிருக்கும். ஆலையின் சான்றிதழை மட்டும் தனியாக வைப்பதும் சரியில்லை. வங்கி போன்ற சில தளங்களை இந்தப் பெட்டிகள் திறந்து பார்க்காமல் விட்டுவிடுவது வழக்கம், அங்கே உண்மையான சான்றிதழ்தான் வரும், அதற்குப் பழைய தொகுப்பு வேண்டும். அந்தக் கோப்பின் பாதையை ‘ரிக்வெஸ்ட்ஸ் சிஏ பண்டில்’ என்ற சூழல் மாறியில் கொடுத்தோம். ஐஆர்என் வந்தது.

விண்டோஸ் சர்வீஸாக மாற்றியதும் மறுபடி நின்றது. அந்த மாறி உள்நுழைந்திருந்தவரின் கணக்கில் மட்டும் இருந்தது, சர்வீஸ் வேறொரு கணக்கில் ஓடியது. அதையும் புரோகிராமின் அமைப்புக் கோப்புக்கே கொண்டுவந்தோம். ‘நான் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடவில்லை’ என்று யாராவது சொன்னால் இன்றும் முதலில் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்றுதான் கேட்பேன்.

பின்னாளில் வேறொரு வாடிக்கையாளரின் ஜாவா புரோகிராமில் 407 நகரவே இல்லை. கடவுச்சொல் சரி, எழுத்து சரி. 2016 அக்டோபரில் வந்த ஜாவா 8-ன் 111-வது புதுப்பிப்பிலிருந்து, ஹெச்டிடிபிஎஸ் சுரங்கத்துக்கு பேசிக் முறையில் கடவுச்சொல் அனுப்புவதை ஜாவா இயல்பாகவே முடக்கி வைத்திருக்கிறது. காரணம் நியாயமானது: பேசிக் முறையில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் ப்ராக்சிக்குப் போகிறது. ‘டனலிங் டிசேபிள்டு ஸ்கீம்ஸ்’ என்ற பண்பைக் காலியாக்கினால் ஓடும். அங்கே அதைத்தான் செய்தோம், உள்வலையத்துக்குள் மட்டும் போகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு. காவலைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்துகிறோம் என்று தெரிந்து, அதை எழுதிவைத்துவிட்டு.

2012-ல் டெக்சாஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ப்ரௌசர் அல்லாத மென்பொருள்கள் சான்றிதழை எப்படிச் சரிபார்க்கின்றன என்று ஆராய்ந்து, பணம் செலுத்தும் மென்பொருள்கள் உட்படப் பலவற்றில் அந்தச் சரிபார்ப்பு உடைந்து கிடப்பதைக் காட்டினார்கள். உலகிலேயே ஆபத்தான கோடு என்றுதான் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள். மிகையாக எனக்குத் தோன்றவில்லை. ப்ரௌசர் தவறான சான்றிதழைக் கண்டால் முழுப்பக்க எச்சரிக்கை காட்டும், மனிதர் ஒருவர் அதைப் பார்ப்பார். இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும் புரோகிராமை யாரும் பார்ப்பதில்லை. யூஆர்எல்லிப்3 ஓர் எச்சரிக்கை வரியை எழுதும். அதையும் அடக்கிவைக்கும் வரியை அடுத்த வரியாகவே எழுதிவைத்திருப்பதை நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற புரோகிராமர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கோடு முழுவதிலும் ‘வெரிஃபை = ஃபால்ஸ்’ என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் எந்தச் சான்றிதழ் இல்லாததால் அது எழுதப்பட்டது என்று கேட்டு, அந்தச் சான்றிதழை வாங்கி வையுங்கள். நிறுவனங்களில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ப்ராக்சியின் முகவரி, போர்ட், அது கேட்கும் அடையாள முறை, நடுவில் திறந்து பார்க்கிறதா இல்லையா, உங்கள் ரூட் சான்றிதழ் எந்தக் கோப்பில் இருக்கிறது — இவற்றை ஒரு தாளில் எழுதி, மென்பொருள் நிறுவ வருகிறவர் கையில் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.