பேழையும் பொருளும்

பேழை உடைந்தால் தச்சரைத் தேடலாம். பேழையினுள் இருந்த பொருள் அழிந்துவிட்டால் யாரைத் தேடுவது? பழுதுற்ற கணிப்பொறித் தட்டு ஒன்று என் கைக்கு வரும்போதெல்லாம் இவ்வினா என் உள்ளத்தில் எழும். வில்லியனூரில் கணிப்பொறிகளைப் பழுதுபார்ப்பதே என் தொழில்.

ஹார்டு டிஸ்க் என்று வழங்கும் வன்தட்டை யாவரும் ஒரு சிறு பெட்டியாகவே அறிவர். அதனுள்ளே காந்தப் பூச்சுடைய வட்டத் தகடு நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்கிறது. தகட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த இடைவெளியில், படிக்கும் முனை மிதந்து செல்கிறது. அவ்விடைவெளியில் ஒரு துகள் புகுந்தாலும் தகடு கீறப்படலாம். 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு அமைப்பில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்றோ சட்டைப் பையில் அடங்கும் பெட்டி ஒரு பெரிய நூலகத்தையே தாங்குகிறது. ஆதலின் அது பழுதுறும்போது நேரும் இழப்பும் பெரிதாயிற்று.

ஒருநாள் பாகூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியுமாக 63 பாடல்களை, வயல்களில் உழைத்த முதிய பெண்களைப் பாடச்செய்து, அவர் ஒலிப்பதிவு செய்திருந்தார். அவை இருந்த வன்தட்டு கணிப்பொறியில் இணைத்தவுடன் ‘டிக், டிக்’ என்று ஒலித்ததேயன்றி இயங்கவில்லை.

“தம்பி, பாடியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. பெட்டி போனாலும் போகட்டும். பாட்டு மட்டும் கிடைக்குமா?” என்றார்.

“முயன்று பார்க்கிறேன், ஐயா. இனி இதைத் திரும்பத் திரும்ப இயக்க வேண்டா” என்றேன்.

பழுதைத் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. புறத்திலிருந்து அகத்துக்கும், எளியதிலிருந்து அரியதற்கும் செல்ல வேண்டும். படிக்கும் முனை தன் இடத்தைக் காணாது மீண்டும் மீண்டும் திரும்புவதால் அவ்வொலி எழும். மின்சாரம் போதாதபோதும் எழும். எனவே முதலில் இணைப்புக் கம்பியை மாற்றினேன். ஒலி அடங்கிற்று, தட்டு இயங்கத் தொடங்கியது. ஆயினும் சில இடங்களைப் படிக்கும்போது அது திணறியது. தகட்டிலும் குறை இருந்தது புலனாயிற்று.

இந்நிலையில் பலர் செய்வது யாது? தட்டைச் சீராக்கும் நிரலை ஓடவிடுவர். சிலர் பெட்டியைத் திறந்தே பார்ப்பர். இரண்டும் தீங்கானவை. நோயுற்ற தட்டின்மேல் புதிதாக எழுதுவது, எஞ்சியிருப்பதையும் அழிக்கக்கூடும். தூசியில்லாத தனி அறையிலன்றி அப்பெட்டியைத் திறத்தலும் ஆகாது. ஆகவே நல்ல தட்டு ஒன்றை அருகில் இணைத்து, எளிதில் படிக்கத்தக்க பகுதிகளை முதலில் படியெடுத்தேன். திணறிய இடங்களைக் கடந்து சென்று, இறுதியில் அவற்றை மீண்டும் முயன்றேன். இரண்டு நாளில் 60 பாடல்கள் முழுமையாகக் கிடைத்தன, மூன்று சிதைந்துபோயின.

படியெடுத்துக் காக்கும் இவ்வழி நம் நாட்டுக்குப் புதியதன்று. ஓலைச்சுவடியைச் செல்லரிக்கும், ஈரமும் கெடுக்கும். பழைய ஏடு மடியுமுன் புதிய ஏட்டில் எழுதிவைத்தவர்களாலேயே பழந்தமிழ் நூல்கள் நம்மை வந்தடைந்தன. புதுச்சேரியில் காக்கப்படும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை 2005 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவை இன்று படமெடுக்கப்பட்டு மின்வடிவிலும் உள்ளன. பாகூரில் ஒரு கல்விக்கூடத்துக்கு ஊர்கள் வழங்கப்பட்ட செய்தியைக் கூறும் நிருபதுங்க பல்லவனின் செப்பேடுகள் ஆயிரம் ஆண்டுக்குமேல் நிலைத்தன. நம் வன்தட்டோ சில ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடலாம். செம்பின் உறுதி அதற்கில்லை. ஆனால் விரைவாகப் படியெடுக்கும் வசதி உண்டு. அவ்வசதியைப் பயன்படுத்தாதவனுக்கு அது இருந்தும் இல்லாததே.

படிகள் ஒரே இடத்தில் இருத்தலும் போதாது. 2024 நவம்பர் 30 ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. அதனைத் தொடர்ந்து தென்பெண்ணையின் வெள்ளம் பாகூர்ப் பகுதியைச் சூழ்ந்தது. அத்தகைய வெள்ளத்தில் ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு படிகளும் ஒன்றாகவே நனையும். ஆதலால் மூன்று படி வைத்து, அவற்றுள் ஒன்றை வேற்றூரில் வைத்தல் நலம்.

இதனைக் கேட்ட ஆசிரியர் ஒரு படியை வில்லியனூரில் உள்ள தம் மகள் வீட்டில் வைத்தார். சிதைந்த மூன்று பாடல்களையும் அவர் கைவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று விசாரித்தார். அவற்றுள் ஒரு நடவுப் பாட்டை, பாடியவரோடு அந்நாளில் நாற்று நட்ட மூதாட்டி ஒருவர் அடி பிறழாது பாடினார். மற்ற இரண்டையும் அறிந்தவர் எவரும் இலர்.

மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோர் அறிந்த பாட்டும் கதையும் இன்று அவர்கள் நெஞ்சில் மட்டும் இருக்கக்கூடும். அவற்றைக் கேட்டு எழுதுங்கள். எழுதியதற்குப் படியும் எடுங்கள்.